வைத்தியத்தில் பிழை நடந்தால்: வன்னிக் குடும்பங்களுக்கு ஓர் எளிய விளக்கம்

நிலத்தில் பாய் விரித்துப் படுத்த ஒருவர் விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழும்புகிறார். கடித்த அடையாளம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. வெளிநோயாளர் பிரிவில் வாயுவுக்கு மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மத்தியானத்துக்குள் கண்ணிமை தொங்குகிறது, பேச்சுக் குழறுகிறது, மூச்சு இளைக்கிறது. எட்டடி விரியன் பாம்பு தீண்டினால் கடித்த இடம் பெரும்பாலும் வீங்காது, வலிக்காது; வயிற்றுவலியே முதலில் வரலாம். வயல்களும் காடுகளும் சூழ்ந்த இந்தப் பக்கத்தில் "இரவு எங்கே படுத்தீர்கள், நிலத்திலா கட்டிலிலா?" என்று கேட்காமல் அப்படிப்பட்ட நோயாளியை அனுப்புவதும், சந்தேகம் வந்த பிறகும் 24 மணித்தியாலம் வாட்டில் வைத்துப் பார்க்காமல் விடுவதும் தவிர்த்திருக்கக்கூடிய பிழைகள்.

வாட்டில் இன்னொருவர். வரம்பில் புடையன் பாம்பு கடித்து வந்தவர். அவருடைய குருதியைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்க்கிறார்கள், உறையவில்லை. விஷமுறி மருந்து ஏற்றத் தொடங்கியதும் உடம்பெல்லாம் தடிக்கிறது, மூச்சிழுக்கிறது, பிரஷர் விழுகிறது. உடனே மருந்தை நிறுத்தி, தொடையில் அட்ரினலின் ஊசி போட்டு, நிலைமை சீரானதும் திரும்ப ஏற்றுகிறார்கள். பார்த்துக்கொண்டு நிற்கும் உறவினருக்கு இது "பிழையான ஊசி" போலத்தான் தெரியும். ஆனால் இது பிழை அல்ல. விஷமுறி மருந்து குதிரையின் குருதியிலிருந்து எடுக்கப்படுவது. மனித உடம்பு அதை எதிர்ப்பது இலங்கையில் அடிக்கடி நடக்கிறது. குறைந்த அளவு அட்ரினலினை முன்கூட்டியே தோலின் கீழ் போட்டால் கடும் எதிர்வினைகள் குறையும் என்பதை, இங்கே 1,000 நோயாளருக்கு மேல் பங்குகொண்ட, 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே எதிர்வினை வந்ததா என்பதை வைத்துப் பிழையைத் தீர்மானிக்க முடியாது. அட்ரினலின் பக்கத்தில் தயாராக இருந்ததா, ஏற்றும்போது ஒருவர் நின்று பார்த்தாரா, எதிர்வினை வந்ததும் என்ன செய்தார்கள் என்பவையே கேட்கவேண்டியவை.

நோய் தன் போக்கில் முற்றுவது ஒன்று. சரியாகச் செய்தும் வரக்கூடிய சிக்கல் இன்னொன்று. தெரிந்த ஒழுங்கு முறையைப் பின்பற்றியிருந்தால் நடந்திராத தீங்கு மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் தவிர்க்கக்கூடிய மருத்துவப் பிழை என்கிறோம். சிகிச்சை பெறுவோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் ஏதோ ஒரு தீங்கைச் சந்திக்கிறார், அதில் பாதிக்கு மேல் தவிர்க்கக்கூடியது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. இது உலகம் முழுவதற்குமான பிரச்சினை. வன்னி வைத்தியசாலைகளை மட்டும் குறைசொல்வதற்கு இதில் ஒன்றுமில்லை.

போர்க்காலத்தில் மருந்தும் மின்சாரமும் இல்லாமல் வைத்தியம் பார்த்தவர்களின் நினைவு இங்கே பலருக்கு உண்டு. அந்த நன்றியால், பிழை நடந்தாலும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகும் குடும்பங்கள் ஏராளம். நன்றி வேறு, விளக்கம் கேட்பது வேறு. விளக்கம் கேட்கும் உரிமையை யாரும் உங்களுக்குச் சலுகையாகத் தரவில்லை. அது சட்டத்தில் இருக்கிறது.

பிழை எந்த வழியால் நுழைகிறது

அதிகமாக நுழைவது மருந்து வழியால். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பரசிற்றமோல் ஒரு தடவைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 6 மணித்தியால இடைவெளியில். 10 கிலோ குழந்தைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியில் 5 மில்லிலீற்றர் சரியாக வரும். ஆனால் 5 மில்லிலீற்றரில் 250 மில்லிகிராம் உள்ள பாணியும் பார்மசியில் கிடைக்கிறது. போத்தல் மாறி, பழைய அளவே தொடர்ந்தால் குழந்தைக்கு இரட்டை மருந்து போகிறது. நாலைந்து நாள் இப்படிப் போனால் ஈரல் பாதிக்கப்படலாம். துண்டில் "5 மி.லீ." என்று மட்டும் எழுதி மில்லிகிராமை எழுதாமல் விடுவதுதான் இதற்கு வாசல். குழந்தையின் எடையைத் துண்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் தேநீர்க் கரண்டியை விட்டு, போத்தலோடு வரும் அளவு மூடியைப் பாவியுங்கள்.

டெங்குக் காலத்தில் காய்ச்சலோடு வருபவருக்கு டைக்ளோபெனாக், இபுபுரொபென் போன்ற வலி மாத்திரைகள் கொடுக்கக்கூடாது, குருதிக்கசிவு கூடும். காய்ச்சல் விட்டதும் "சுகம்" என்று துண்டு வெட்டி அனுப்புவதும் ஆபத்து, ஏனென்றால் டெங்கில் குருதிக் குழாய்களிலிருந்து நீர் கசியும் அபாயகரமான 24 முதல் 48 மணித்தியாலங்கள் காய்ச்சல் இறங்கும் நேரத்தை ஒட்டித்தான் தொடங்குகின்றன. வவுனியாப் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் சிறுநீரக நோய் பரவலாக இருக்கிறது. அவர்களுக்கு மூட்டுவலிக்கென்று அதே வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் எழுதுவது மிஞ்சியிருக்கும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிறுநீரக நோய் என்று பெரிதாக எழுதியிருக்கவேண்டும். எந்த வைத்தியரிடம் போனாலும், மாலையில் தனியாரிடம் சனல் பண்ணிப் போனாலும், அந்தக் கொப்பியும் கூடவே போகவேண்டும்.

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதோட்றெக்செற் தனியாகச் சொல்லவேண்டிய மருந்து. அது கிழமைக்கு ஒரே ஒரு தடவை குடிக்கவேண்டியது. "தினமும்" என்று எழுதுபட்டாலோ பார்மசியில் அப்படி ஒட்டிக் கொடுத்தாலோ, வாய்ப்புண்ணில் தொடங்கி எலும்பு மச்சை பழுதாகி உயிர் போகும். பைக்கற்றின் மேல் "ஞாயிறு மட்டும்" என்பதுபோலக் கிழமையின் பெயரே இருக்கவேண்டும். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு "இது வேறு மருந்து" என்று நினைத்து ஓக்மென்ரின் கொடுப்பதும் அடிக்கடி சொல்லப்படும் பிழை. அதற்குள் இருப்பதும் பென்சிலின் வகைதான்.

அடுத்தது ஆள் மாறுதல். ஒரே வாட்டில் ஒரே பெயரில் இருவர் இருப்பது நம் ஊரில் புதினம் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்தும் ஒத்துப்போகலாம். குருதி ஏற்றும்போது நடக்கும் மிக ஆபத்தான பிழைகளில் பெரும்பாலானவை குருதி வகையைப் பரிசோதித்ததில் வருவதில்லை. யாருடைய குருதியை எந்தக் குழாயில் எடுத்து எந்தப் பெயரை ஒட்டினார்கள் என்பதில் வருகின்றன. சரியான முறையில் "நீங்கள் இன்னார்தானே?" என்ற கேள்வி கிடையாது, அரைத் தூக்கத்தில் எவரும் ஓம் என்பார்கள். "உங்கள் முழுப்பெயர் என்ன?" என்று கேட்டு, கட்டில் தலைமாட்டுச் சீட்டின் (வாட்டில் நோயாளியின் சிகிச்சை விபரம் எழுதும் பதிவு) இலக்கத்தோடும் குருதிப் பையோடும் இருவர் ஒப்பிடவேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் நீங்களே முழுப்பெயரையும் சீட்டு இலக்கத்தையும் சொல்லுங்கள். அது தாதியரை அவமதிப்பது ஆகாது.

மருந்து ஏற்றுவதற்கு நாளத்தில் போடும் கனூலாக் குழாய் சின்னப் பொருள்தான், ஆனால் அதனால் கையே போகலாம். 2023இல் வடக்கில் ஒரு சிறுமிக்குக் கனூலா போட்ட கை பின்னர் அகற்றப்பட்டதும் அது நீதிமன்றம் வரை போனதும் பலருக்கு நினைவிருக்கும். கனூலா போட்ட இடம் சிவந்து, சூடாகி, கட்டிபோல் இருந்தால் அது அழற்சி. அதைக் கழற்றி வேறு இடத்தில் போடவேண்டும். மருந்து ஏறும்போது எரிவு தாங்காமல் பிள்ளை அழுதால், விரல்கள் வெளிறினால், நீலம் பாய்ந்தால், மற்றக் கையை விடக் குளிர்ந்தால், காத்திருக்க நேரமில்லை: மருந்து நிறுத்தப்பட்டு அந்த நிமிடமே வைத்தியர் வந்து பார்க்கவேண்டும். "மிஸ், கை குளிருது" என்று சொன்ன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சத்திரசிகிச்சைக்கு உலக சுகாதார நிறுவனம் 19 விடயங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. மயக்கம் கொடுக்கமுன் ஒரு தடவை, வெட்டமுன் ஒரு தடவை, சத்திரசிகிச்சைக் கூடத்தை விட்டு வெளியேறமுன் ஒரு தடவை எல்லாரும் நின்று வாய்விட்டுச் சொல்லவேண்டும்: ஆள் சரியா, பக்கம் சரியா, துணிகளும் ஊசிகளும் எண்ணப்பட்டனவா. எட்டு நாடுகளின் எட்டு வைத்தியசாலைகளில் இதைப் பின்பற்றியபோது இறப்பு 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகக் குறைந்தது என்று 2009இல் வெளியான ஆய்வு சொன்னது. வயிற்றுக்குள் துணி விடுபட்ட வழக்குகளில் முதல் கேள்வி இந்த எண்ணிக்கையை எழுதிய தாள் எங்கே என்பதுதான்.

வன்னிக்கென்று ஒரு வாசல் கூடுதலாக உண்டு: இடமாற்றம். பிரதேச வைத்தியசாலையிலிருந்து ஆதார வைத்தியசாலை, அங்கிருந்து மாவட்டப் பொது வைத்தியசாலை, பிறகு யாழ்ப்பாணத்துக்கு ஏற்று. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் 60 கிலோமீற்றருக்கு மேல். முல்லைத்தீவிலிருந்து அதைவிட மிகத் தூரம். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு குருதி நிற்காத தாய்க்கு அந்த ஓட்டமே உயிர்ப்பிரச்சினை. ஆகவே எத்தனை மணிக்கு அனுப்பத் தீர்மானித்தார்கள், எத்தனை மணிக்கு அம்புலன்ஸ் புறப்பட்டது, கூட வந்தவர் யார், புறப்படும்போது பிரஷரும் நாடியும் எவ்வளவு, அனுப்பும் கடிதத்தில் கொடுத்த மருந்துகள் எழுதப்பட்டனவா, போய்ச்சேரும் வைத்தியசாலைக்கு முன்கூட்டித் தொலைபேசி எடுத்தார்களா என்பவை பின்னர் மிகப் பெரிய கேள்விகளாகும். ஆளணி இல்லாத வைத்தியசாலை அனுப்புவது பிழை அல்ல. தாமதித்து அனுப்புவதும், நிலைப்படுத்தாமல் அனுப்புவதும் பிழையாகலாம்.

சட்டம் என்ன கேட்கும்

இலங்கையில் மருத்துவக் கவனயீனத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. நட்டஈட்டு வழக்கு ரோமன் டச்சுச் சட்டத்தின் அடிப்படையில் மாவட்ட நீதிமன்றத்தில் நடக்கிறது. நீங்கள் நிரூபிக்கவேண்டியவை நான்கு: அந்த வைத்தியருக்கு உங்கள்மேல் கவனம் செலுத்தும் கடமை இருந்தது, அதே துறையில் அதே நிலையில் உள்ள நியாயமான ஒரு வைத்தியர் காட்டும் கவனத்தை அவர் காட்டவில்லை, தீங்கு நடந்தது, அந்தக் குறையினாலேதான் அந்தத் தீங்கு நடந்தது.

வழக்குகள் உடைவது கடைசி இடத்தில். உயர் நீதிமன்றம் 2001இல் தீர்த்த, நாட்டின் மிகப் பிரபலமான வழக்கில், மூளைத்தண்டில் கட்டி இருந்த ஒரு குழந்தைக்கு வேறு நோய் என்று தீர்மானிக்கப்பட்டிருந்தது. மாவட்ட நீதிமன்றம் தகப்பனுக்கு 50 இலட்சம் ரூபாய் நட்டஈடு விதித்தது. உயர் நீதிமன்றத்தில் அது நிலைக்கவில்லை: நோயைச் சரியாகக் கண்டிருந்தாலும் குழந்தை பிழைத்திருக்கும் என்பது நிரூபிக்கப்படவில்லை. ஆகவே "டொக்டர் பிழைவிட்டார்" என்பதோடு நின்றால் போதாது. "நேரத்துக்குச் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும்?" என்பதற்கும் ஒரு நிபுணர் சாட்சி வேண்டும்.

இறந்தவரின் குடும்பத்துக்கு நெடுங்காலம் பண இழப்பை மட்டுமே கேட்க முடிந்தது. உழைக்காத குழந்தை இறந்தால் சட்டத்தின் கண்ணில் இழப்பே இல்லை என்ற நிலைதான். 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம் அதை மாற்றியது. கவனயீனத்தால் ஒருவர் இறந்தால் வாழ்க்கைத் துணை, பெற்றோர், பிள்ளைகள் போன்ற நெருங்கிய உறவினர் அன்பையும் அரவணைப்பையும் இழந்ததற்கும் நட்டஈடு கேட்கலாம். இது வந்தது இன்னும் பலருக்குத் தெரியாது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடம் "உங்களுக்குக் கேட்க ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால், இந்தச் சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

அன்றைக்கே செய்யவேண்டியவை

வன்னிக் குடும்பங்களின் உரிமை கைநழுவுவது பெரும்பாலும் நீதிமன்றத்தில் அல்ல. முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள், எவரும் கவனிக்காத நேரத்தில் நழுவுகிறது.

ஒரு பயிற்சிக் கொப்பி போதும். நேரம், நடந்தது, யார், என்ன சொன்னார் என்ற வரிசையில் எழுதுங்கள். "காலை 9.20: வலது கையில் ஊசி, வெள்ளைத் தூள் கலக்கிய குப்பி. 9.35: உதடு வீக்கம், மூச்சிழுப்பு, வாட்டில் நின்ற மிஸ்ஸிடம் சொன்னோம். 9.50: வைத்தியர் வந்தார்." இந்த 15 நிமிடம்தான் பிறகு முழு வழக்காகலாம். கோபத்தையும் முடிவையும் அதில் எழுதவேண்டாம், "கவனிக்கவே இல்லை" என்ற வரிக்கு நீதிமன்றத்தில் பெறுமதி குறைவு, "9.35க்குச் சொன்னோம், 9.50க்கு வந்தார்" என்ற வரிக்குப் பெறுமதி அதிகம். வெற்றுக் குப்பியையோ மருந்து உறையையோ பார்க்க முடிந்தால் பெயரையும் தொகுதி இலக்கத்தையும் குறியுங்கள். 2023இல் கண்சத்திரசிகிச்சைக்குப் பின் போட்ட சொட்டு மருந்தால் நாட்டின் சில இடங்களில் நோயாளர் பார்வை பாதிக்கப்பட்டபோது, பிழை மருந்திலேயே இருந்ததாகத் தெரியவந்தது. அப்படியான நேரம் கேள்வி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை வரை போகும்.

கிளினிக் கொப்பி, துண்டு வெட்டும்போது தரும் நோய் நிர்ணய அட்டை, பரிசோதனை அறிக்கைகள், தனியாரிடம் கட்டிய பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். கட்டில் தலைமாட்டுச் சீட்டு வைத்தியசாலையிலேயே இருக்கும். அதைப் பறிக்கவோ பக்கம் கிழிக்கவோ கூடாது. பிரதி வேண்டும் என்று பணிப்பாளருக்கோ வைத்திய அத்தியட்சகருக்கோ எழுத்தில் கேளுங்கள். தகவலறியும் உரிமைச் சட்டம், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம், இங்கே கைகொடுக்கும். ஒருவரின் மருத்துவப் பதிவை மற்றவருக்குக் கொடுக்காமல் மறுக்கச் சட்டம் இடம்தருகிறது, ஆனால் நோயாளி எழுத்தில் சம்மதித்தால் அந்தத் தடை இல்லை. ஆகவே விண்ணப்பத்தோடு கையொப்பமிட்ட சம்மதக் கடிதத்தையும் சேருங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அதற்கும் பலனில்லை என்றால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு.

"இங்கே சரிவராது, நாங்களே யாழ்ப்பாணம் கொண்டுபோகிறோம்" என்று பல குடும்பங்கள் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறுகின்றன. அந்தத் தாளில் "வைத்திய ஆலோசனைக்கு மாறாக" என்று இருக்கும். அதற்குப் பிறகு எது நடந்தாலும் வைத்தியசாலைக்கு அது கவசம். போகத்தான் வேண்டும் என்றால், இடமாற்றம் எழுத்தில் கேட்டோம், இத்தனை மணிக்குக் கேட்டோம், மறுத்தார்கள் என்பதையும் அதே தாளில் எழுதி ஒப்பமிடுங்கள். ஆத்திரத்தில் வாட்டில் சத்தம் போட்டு, கண்ணாடி உடைந்தால், பொலிஸ் விசாரணையில் சந்தேகநபராக நிற்பது நீங்கள்தான்.

சம்மதப் படிவம் எதுவாக இருந்தாலும் விளங்கிய பிறகே ஒப்பம். வைத்தியர் சிங்களம் பேசுபவராக இருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் என்ன செய்யப்போகிறார்கள், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பதைத் தமிழில் விளக்க ஒருவரை அழைக்கும்படி கேட்கலாம். வடக்கில் நிர்வாக மொழியும் நீதிமன்ற மொழியும் தமிழ்தான். பொலிஸில் கொடுக்கும் வாக்குமூலமும் தமிழில் எழுதப்படவேண்டும், வாசித்துக் காட்டப்படவேண்டும்.

உயிர் போய்விட்டால்

இதைச் சொல்வது கடினம், ஆனாலும் சொல்லியே ஆகவேண்டும். இறப்பில் சந்தேகம் இருந்தால் பிரேதத்தை உடனே வீட்டுக்குக் கொண்டுவர அவசரப்படாதீர்கள். "உடம்பை வெட்டவேண்டாம், தாருங்கள்" என்று கெஞ்சுவது நமக்கு இயல்பு. பிரேத பரிசோதனை இல்லாமல் தகனம் முடிந்தால் இறப்பின் காரணத்தை நிரூபிக்கும் வழி ஏறக்குறைய மூடிவிடும். புதைத்த உடலை நீதவானின் கட்டளையில் திரும்பத் தோண்டியெடுக்கலாம், சாம்பலிலிருந்து ஒன்றும் எடுக்க முடியாது.

நடைமுறை இதுதான். வைத்தியசாலைப் பணிப்பாளரிடமும் அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்திலும் "இறப்பில் சந்தேகம் உண்டு, மரண விசாரணையும் சட்ட வைத்திய அதிகாரியின் பிரேத பரிசோதனையும் வேண்டும்" என்று எழுத்தில் கொடுங்கள். பொலிஸ் பதிவு இலக்கத்தை வாங்குங்கள். திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார். நெருங்கிய உறவினர் ஒருவரை இருத்திக் கேட்பார்: "இறப்பில் சந்தேகம் ஏதும் உண்டா?" அழுது களைத்த அந்த நேரத்தில், உடலை எடுத்தால் போதும் என்ற நினைப்பில், பலர் "இல்லை" என்கிறார்கள். அந்த ஒரு சொல் எழுதப்பட்டு, கீழே ஒப்பம் விழுகிறது. இரண்டு வருடம் கழித்து எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் எடுத்து நீட்டுவது அந்தத் தாளைத்தான். சந்தேகம் உண்டென்றால் உண்டென்று சொல்லுங்கள், காரணத்தை நேரத்தோடு சொல்லுங்கள், எழுதியதை வாசித்த பிறகு ஒப்பமிடுங்கள். குடும்பத்தில் நிதானமாகப் பேசக்கூடிய ஒருவரை அந்த இடத்தில் இருத்துவது நல்லது.

அதே வைத்தியசாலையின் சட்ட வைத்திய அதிகாரி பரிசோதனை செய்வதில் நம்பிக்கை இல்லை என்றால், வேறு வைத்தியசாலையிலோ ஒன்றுக்கு மேற்பட்ட நிபுணர்களைக் கொண்டோ செய்யும்படி நீதவானிடம் சட்டத்தரணி மூலம் விண்ணப்பிக்கலாம். பிள்ளைப்பேற்றோடு தொடர்பான தாயின் இறப்பு ஒவ்வொன்றும் அறிவிக்கப்பட்டு மீளாய்வு செய்யப்படுவது இந்த நாட்டின் நல்ல ஒழுங்குகளில் ஒன்று. ஆனால் அந்த மீளாய்வு பாடம் கற்கவே நடக்கிறது. நட்டஈடு அதிலிருந்து வராது.

எங்கே போவது, எவ்வளவு காலத்துக்குள்

முதல் கடிதம் வைத்தியசாலைத் தலைமைக்கு. பிரதி பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும். யாழ். போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் இருப்பதால் அதற்கான முறைப்பாட்டின் பிரதி அமைச்சின் செயலாளருக்குப் போகவேண்டும். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது கையில் கொடுத்துத் திகதி முத்திரையோடு பிரதி வாங்குங்கள். தனியார் நிலையம் என்றால் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உள்ள தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபைக்கு முறைப்பாடு செய்யலாம்.

வைத்தியரின் தொழில் நடத்தையைப் பற்றியது என்றால் இலங்கை மருத்துவ சபை. சமாதான நீதவான் முன் ஒப்பமிட்ட சத்தியக் கடதாசியையும் ஆவணப் பிரதிகளையும் சேர்த்து அனுப்புங்கள். சபை பெயரைப் பதிவிலிருந்து நீக்கவோ இடைநிறுத்தவோ முடியும். ஒரு சதமும் நட்டஈடு தர முடியாது. பொலிஸ் வழி இன்னும் கனமானது: கவனயீனமான செயலால் மரணம் விளைவித்தல் தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவில் வருகிறது, ஐந்து வருடம் வரை சிறை. ஆனால் சாதாரணத் தவறு அதற்குப் போதாது, நிரூபணமும் குற்ற வழக்குக்குரிய கடும் நிரூபணம். எல்லாப் பிழைக்கும் இந்த வழியையே பிடிப்பது நேரத்தைத் தின்னும் என்பது எங்கள் கருத்து.

காலக்கெடு இரண்டை மனதில் இருத்துங்கள். அரச வைத்தியசாலையின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் போவதற்கு ஒரே ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. வவுனியாவில் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, 1996 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். முறைப்பாட்டுச் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள்: விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதற்குச் சான்று கேட்ட தீர்ப்புகள் உண்டு. தனியார் வைத்தியசாலைக்கு இந்த வழி பொருந்தாது.

நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடம். 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் அப்படித்தான் சொல்கிறது. அரசுக்கு எதிரான வழக்கில் சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கவேண்டும். அதற்கும், அரச உத்தியோகத்தர் மீது வழக்குப் போடுவதற்கும், ஒரு மாத முன்னறிவித்தல் எழுத்தில் கொடுத்திருக்கவேண்டும். ஆகவே உங்களுக்கு உண்மையில் கிடைப்பது 23 மாதத்துக்கும் குறைவு. வைத்தியசாலையின் உள்விசாரணை முடியட்டும், அமைச்சின் பதில் வரட்டும் என்று காத்திருந்து காலம் கடந்தவர்களுக்குச் சட்டம் இரக்கம் காட்டுவதில்லை. உள்விசாரணை அந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. பாதிக்கப்பட்டது பிள்ளை என்றால் கணக்கு வேறுபடலாம், அதை நம்பி ஆறப்போடாமல் சட்டத்தரணியிடம் முதலிலேயே கேளுங்கள்.

செலவைப் பற்றி: வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாகச் சட்டத்தரணியைத் தருகிறது, வன்னி மாவட்டங்களிலும் அதன் நிலையங்கள் உண்டு, நீதிமன்றத்தில் விசாரித்தால் இடம் சொல்வார்கள். வருமானத்துக்குக் கிராம அலுவலரின் சான்றிதழைக் கொண்டுபோங்கள். மிகக் கடினமான வேலை நிபுணர் சாட்சி தேடுவது. சக வைத்தியருக்கு எதிராகச் சாட்சி சொல்ல உள்ளூரில் எவரும் முன்வரத் தயங்குவார்கள். அதனால் அதே துறையில் ஓய்வுபெற்ற நிபுணரையோ வேறு மாகாணத்தில் உள்ளவரையோ ஆரம்பத்திலேயே தேடத் தொடங்கவேண்டும். ஆவணங்களை அவர் வாசித்து "இதில் வழக்கு இல்லை" என்று சொன்னால் அதையும் ஏற்கும் மனம் வேண்டும், ஏனென்றால் தோற்கும் வழக்கு குடும்பத்தை இரண்டாம் தடவை முறிக்கும்.

இடையில் யாராவது வீடு தேடி வந்து ஒரு தொகைப் பணத்தையும் "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்ற தாளையும் நீட்டினால், சட்டத்தரணி வாசிக்காமல் ஒப்பமிட வேண்டாம். சட்டத்தரணிக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் மருத்துவ சபைக்கும் நிழற்பிரதிகளைக் கொடுங்கள். கிளினிக் கொப்பி, நோய் நிர்ணய அட்டை, நேரம் குறித்த கொப்பி ஆகியவற்றின் மூலத்தை வீட்டில் பத்திரமாக வைத்து, நீதிமன்றம் கேட்கும் நாளில் மட்டும் கொண்டுபோங்கள்.